ஆற்று நடுவில் திரும்பிப் பார்த்த புலி

பொறிமலைக் குகைப்பள்ளியின் உட்சுவரில் ஒரு புலியின் கதை இருந்தது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

அதைத் தீட்டியவர் அந்தப் பள்ளியின் தலைவியான சமணத் துறவி. பெண் குருவைக் குரத்தியார் என்று அழைப்பது அந்நாட்டு வழக்கம். குரத்தியாருக்கு இன்னும் நாற்பது வயதாகவில்லை. அவரிடம் மாணவராக இருந்த தத்தனாருக்கோ தாடி முழுக்க நரைத்திருந்தது.

தத்தனார் அரண்மனைப் புலவராக இருந்தவர். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிக் குகைக்குள் வந்தார். பாதி தீட்டியிருந்த சுவரைப் பார்த்தார். மழை விட்ட பிறகும் போகவில்லை. அப்படியே தங்கி, கல்லை அரைத்து வண்ணம் சேர்க்கவும் தூரிகை பிடிக்கவும் கற்றுக்கொண்டார். குரத்தியார் மட்டும் அவரை இன்னும் "புலவரே" என்றுதான் கூப்பிட்டார். அது மரியாதையா, கேலியா என்று தத்தனாருக்குப் பிடிபடவில்லை.

சுவரின் இடது ஓரத்தில் ஒரு புலி சுனையில் நீர் குடித்தது. அடுத்து, அது ஒரு மானைக் கொன்றது. குரத்தியார் அங்கே ரத்தத்தைக் குறைக்கவில்லை. பிறகு புதரடியில் இரண்டு குட்டிகள். பிறகு மரங்களுக்கு இடையே பறையும் தீப்பந்தமுமாக மனிதர்கள், வலை, வில். கடைசியில் வெள்ளம் சுழித்து ஓடும் ஓர் ஆறு. புலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு நடு ஆற்றில் நீந்தியது. இன்னொரு குட்டி கரையில் நின்றது. புலி தலையைத் திருப்பி அதைப் பார்த்தது.

அதற்கு மேல் சுவரில் ஒன்றும் இல்லை.

மலையடி ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். புலி திரும்பி வரும் என்றார் ஒருவர். வராது என்றார் இன்னொருவர். பேச்சு முற்றி, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரோடொருவர் பேசாமல் மலையிறங்கியதும் உண்டு.

அந்த வருடம் வேட்டைக்காலம் வந்தது. அந்நாட்டை ஆண்ட வேள் வழக்கம்போல ஊர்களிலிருந்து பறையடிக்க ஆள் கேட்டார். பறைச்சத்தத்துக்கு மிரண்டு ஓடும் விலங்கை ஆற்றங்கரையில் வலை விரித்துப் பிடிப்பார்கள். ஆனால் இந்த முறை ஆள் வரவில்லை.

"என்ன காரணம்?" என்று கேட்டு அனுப்பினார் வேள்.

"ஆற்றங்கரைப் பக்கம் நாங்கள் பறையடிக்க மாட்டோம்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

காரணம் எங்கே இருக்கிறது என்பதை வேளின் ஆணைகளை எழுதும் ஓலைநாயகம் கண்டுபிடித்தார். அவரே மலையேறி வந்து சுவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு குரத்தியாரை வணங்கினார்.

"அருமையான ஓவியம். ஒரு குறைதான். கீழே ஒரு வரி இல்லை."

"என்ன வரி?"

"'ஊரழித்த கொடும்புலியை வேள் துரத்திய காதை.' அவ்வளவு போதும்."

"எந்த ஊரை அழித்தது?"

ஓலைநாயகம் சிரித்தார். "குரத்தியாரே, படம் ஆளுக்கொரு பேச்சு பேசுகிறது. எழுத்து எல்லாரிடமும் ஒரே பேச்சுதான் பேசும். நாட்டுக்கு அதுதான் நல்லது. நாளை மறுநாள் வேள் வருகிறார். உங்களிடமே ஒரு புலவர் இருக்கிறார். அவர் எழுதிவிட்டால் சுவர் இருக்கும். பள்ளிக்கு அரண்மனையிலிருந்து வரும் நெல்லும் வரும்."

"எழுதாவிட்டால்?"

"சுவர் வெள்ளையாகிவிடும்."

அவர் போன பிறகு தத்தனார் வெகுநேரம் சுவர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். கடைசியில் குரத்தியாரிடம் வந்து உட்கார்ந்தார்.

"தாயே, ஒரே ஒரு வரி. அதற்காக இத்தனையையும் இழக்க வேண்டுமா?"

குரத்தியார் வண்ணக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அது பொய் என்பதால் மறுக்கிறீர்களா?" என்று கேட்டார் தத்தனார். "அப்படியானால் நான் மெய்யான வரி ஒன்று எழுதுகிறேன். வேளும் சம்மதிக்கும்படி, புலிக்கும் துரோகம் இல்லாதபடி எழுதுகிறேன். என்னால் முடியும்."

"எழுதுங்கள்" என்றார் குரத்தியார். "முதலில் ஒரு பலகையில் எழுதுங்கள்."

தத்தனார் மறுநாள் காலை முழுவதும் அதிலேயே கிடந்தார். அடித்தார், மாற்றினார், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். வெயில் ஏறும்போது பலகையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

'சேயொன்று வாயில், சேயொன்று கரையில்; தாய்மனம் இரண்டாய்ப் பிளந்தது காண்.'

குரத்தியார் இரண்டு முறை படித்தார்.

"நல்ல வரி" என்றார். கேலி எதுவும் அதில் இல்லை. பலகையை ஆற்றுக் காட்சிக்குக் கீழே சாய்த்து வைத்தார்.

அப்போது கூதளி வந்தாள். மலையில் தேனெடுத்துச் சந்தையில் விற்பவள். சந்தைக்குப் போகும் வழியில் எப்போதும் குகைக்குள் ஒரு முறை எட்டிப் பார்ப்பாள். சென்ற முறை வந்தபோது, தேன்பானையை இறக்கி வைத்துவிட்டு ஆற்றின் முன்னால் நின்றவள், பானை வாயில் எறும்பு மொய்த்தது தெரியாமல் நின்றாள். "திரும்பி வந்துவிடும்" என்றாள் தனக்குத்தானே. கொஞ்ச நேரம் கழித்து, "எப்படி வரும்? வாயில் இருப்பதை எங்கே இறக்கும்?" என்றாள். பாதி மலை இறங்கிப் போனவள் மறுபடி ஏறி வந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

இன்று வந்தவள் பலகையைக் கண்டாள்.

"இது என்ன சாமி?"

தத்தனார் படித்துக் காட்டினார். நன்றாகவே படித்தார்.

கூதளி தலையாட்டிக் கேட்டாள். "அழகாக இருக்கிறது. ஆமாம், தாய் மனசு பிளக்கத்தான் செய்யும்" என்றாள். பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள்.

புலியை அவள் பார்க்கவே இல்லை.

குரத்தியார் பலகையை எடுத்து நீரூற்றித் துடைத்து, வெயிலில் காயவைத்தார்.

தத்தனார் துடைத்த பலகையைப் பார்த்தார். ஆனாலும் அவர் விடவில்லை.

"எழுதாவிட்டால் பார்ப்பதற்குப் புலியே இருக்காது, தாயே."

"ஆமாம்."

"அதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?"

"நாளை வேள் தூரிகையை உங்கள் கையில்தான் கொடுப்பார்" என்றார் குரத்தியார். "என் கையில் அல்ல."

மறுநாள் வேள் வந்தார். வாளேந்திய வீரர்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். பின்னால் ஊராட்கள் கூடை கூடையாகச் சுண்ணச்சாந்து சுமந்து வந்தார்கள். எழுத்தோ, பூச்சோ, இரண்டில் ஒன்று அன்றே முடிந்தாக வேண்டும் என்று ஓலைநாயகம் ஏற்பாடாக வந்திருந்தார். சாந்து அரண்மனைச் சுவருக்கென்று கடுக்காய்நீர் சேர்த்து அரைத்த சாந்து. வெண்ணெய்போல இருந்தது.

வேள் சுவரை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போனார். வில்லேந்திய மனிதனிடம் வந்ததும் நின்றார். அவன் முகத்தை இலைகள் மறைத்திருந்தன.

"இது நானா?"

"முகம் தீட்டவில்லை, வேளே" என்றார் குரத்தியார்.

"ஏன்?"

"புலிக்கு அது தெரிந்திருக்காது."

வேள் அடுத்த காட்சிக்கு நகர்ந்தார். ஆற்றின் முன்னால் நின்றார். வீரர்கள் கால் மாற்றி நின்றார்கள். ஓலைநாயகம் மெல்ல இருமினார். வேள் அசையவில்லை.

"கரையில் நிற்கிறதே, அந்தக் குட்டி. அது என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

கேட்ட பிறகுதான் தான் கேட்டுவிட்டது அவருக்கே உறைத்தது. சுற்றிலும் பார்த்தார். சாந்துக்கூடையோடு நின்ற ஊராட்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் இறுகியது.

"புலவரே, எழுதும்."

ஓலைநாயகம் தூரிகையை மையில் தோய்த்துத் தத்தனார் கையில் கொடுத்தார். தத்தனார் சுவரருகே போனார். எழுத வேண்டிய வரி அவருக்குத் தெரியும். அதைவிட நல்ல வரியும் தெரியும். கையை உயர்த்தினார்.

அந்தக் குட்டி என்ன ஆயிற்று? இத்தனை நாள் வண்ணம் அரைத்துக் கொடுத்தவருக்கும் அது தெரியாது. வேள் கேட்ட குரல் இன்னும் காதில் இருந்தது. கீழே ஒரு வரி வந்துவிட்டால், இனி அந்தக் குரலில் இங்கே யாரும் எதையும் கேட்கப் போவதில்லை.

தூரிகை நுனியிலிருந்து மை தரையில் சொட்டியது.

அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"எழுத வரவில்லை, வேளே."

"என் வேட்டைகளைப் பாட்டாகப் பாடித் தள்ளியவர் நீர். ஒரு வரி வரவில்லையா?"

"வரும். இந்தச் சுவருக்கு வராது."

தத்தனாரின் குரல் நடுங்கவில்லை.

வேள் ஊராட்கள் பக்கம் திரும்பினார். "பூசுங்கள்."

அவர்கள் கூடைகளை இறக்கி வைத்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர்கூட முன்னால் வரவில்லை. ஓலைநாயகம் அதட்டினார். அவர்கள் தலைகுனிந்து அப்படியே நின்றார்கள்.

வேளுக்கு ரத்தம் முகத்தில் ஏறியது. "எழுத மறுத்த கையே பூசட்டும்" என்றார். "புலவரே, எடும் சாந்தை."

"மாட்டேன்" என்றார் தத்தனார். "கையை வேண்டுமானால் வெட்டிக்கொண்டு போங்கள்."

வீரன் ஒருவனின் கை வாளுக்குப் போனது.

"பூசுங்கள், புலவரே" என்றார் குரத்தியார்.

தத்தனார் காதில் தவறாக விழுந்ததோ என்று அவரைப் பார்த்தார்.

"பூசுங்கள். நன்றாகப் பூசுங்கள். விரல்கனம் இருக்கட்டும். மேடு பள்ளம் தெரியாமல் தேயுங்கள்."

ஓலைநாயகம் முகத்தில் நிம்மதி வந்தது. வேளுக்கு நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தத்தனார் சாந்தை அள்ளினார். சுனை போனது. மான் போனது. புதரும், பறையும், வில்லும் போயின. ஆற்றைக் கடைசிக்கு வைத்தார். கரைக்குட்டியின் மேல் சாந்தை அப்பும்போது கண்ணீர் மறைத்தது. புறங்கையால் துடைத்ததில் தாடியெல்லாம் சுண்ணாம்பு. நடு ஆற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த புலியின் கண்களும் போயின.

சுவர் முழுக்க வெள்ளையானதும் வேள் எழுந்தார். வெளியேறினார். ஓலைநாயகம் வாசலில் நின்று, "இனி நெல் வராது, குரத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊராட்கள் குரத்தியாரின் முகத்தைப் பார்க்காமல் வெற்றுக்கூடைகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

மேற்கு வெயில் குகைக்குள் நீளமாக விழுந்தது. தத்தனார் சுவரடியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாளுக்கு முன்னால் நான் மறுத்தேன்" என்றார். "நீங்கள் பூசச் சொன்னீர்கள்."

"சொன்னேன்."

"நான் பூசாவிட்டால்?"

"அந்த வீரர்களில் ஒருவன் பூசியிருப்பான்."

"பூசிவிட்டுப் போகட்டுமே. என் கையால் ஏன்?"

"அவனுக்குச் சரியாகத் தேய்க்க வராது."

தத்தனார் தலை நிமிர்ந்தார். குரத்தியார் சுவரருகே நின்று, ஒரு விரலால் சாந்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் வண்ணக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் வண்ணம் கரைத்திருந்தது. தத்தனார் பூசிக்கொண்டிருந்தபோதே குரத்தியார் பின்னால் உட்கார்ந்து கரைத்திருக்க வேண்டும்.

"நாம் தீட்டியது காய்ந்த சுவரில், புலவரே. நகத்தால் சுரண்டினால் உதிரும். ஈரச் சுண்ணாம்பில் தீட்டினால் வண்ணம் உள்ளே இறங்கிச் சுவரோடு சுவராகிவிடும். இப்படிப்பட்ட சாந்துக்கு நாம் எங்கே போவோம்? கேட்டிருந்தால் வேள் தந்திருக்க மாட்டார்."

"மறுபடி வந்து பூசுவார்களே."

"வரட்டும்."

"நெல்?"

"ஊருக்குள் வாசல்கள் இருக்கின்றன. போய் நிற்போம்."

தத்தனார் வெள்ளைச் சுவரைப் பார்த்தார். ஆறு எங்கே ஓடியது, கரை எங்கே முடிந்தது என்று கண் தானாகத் தேடியது.

"தாயே, இந்த முறையாவது அந்தக் குட்டி என்ன ஆயிற்று என்று தீட்டுவோமா?"

குரத்தியார் ஒரு தூரிகையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"கரையிலிருந்து நீங்கள் தொடங்குங்கள். நான் ஆற்றிலிருந்து வருகிறேன். சீக்கிரம், சுவர் காய்கிறது."