மூன்றாவது ‘ம்’

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் சாரல்நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே யார் கதை சொன்னாலும் கேட்பவர் ‘ம்’ கொட்டியே ஆகவேண்டும். கொட்டாவிட்டால் மரியாதை இல்லாதவர் என்று பேராகிவிடும். அந்தப் பழக்கமே அவர்களுக்கு வினையாக வந்தது.

காட்டுக் குகையில் நெடுநாவன் என்ற மந்திரவாதி இருந்தான். குகைக்குள் யார் சொன்ன கதையானாலும், மூன்று ‘ம்’ விழுந்தால் பலித்துவிடும். அப்படியொரு மாயம் போட்டு வைத்திருந்தான். ஊரில் இது யாருக்கும் தெரியாது.

சுள்ளி பொறுக்கப் போன வேலாயி திரும்பவில்லை. தேடிப் போன தங்கை மாராயியும் திரும்பவில்லை. கடைக்குட்டி பொன்னரிசி கிளம்பினாள்.

“பயப்படாதே தாயி. மூணாவதா போறவ ஜெயிச்சுத்தான் வருவா. எந்தக் கதையில தோத்திருக்கா?” என்று ஊரே சிரித்து வழியனுப்பியது. அவர்களுக்கென்ன, வீட்டில் இருந்துகொண்டு எதுவும் சொல்லலாம். பொன்னரிசி காட்டில் தேடித் தேடிக் கடைசியில் அந்தக் குகைக்குள் நுழைந்தாள்.

குகை நிறையக் கற்சிலைகள். நடுவில் அவள் அக்காமார் இருவரும் நின்றார்கள். எல்லாச் சிலைகளுக்கும் உதடுகள் ஒட்டியிருந்தன. அவளுக்கு அழக்கூட வரவில்லை.

“உட்காரும்மா, கதை சொல்றேன்” என்றான் நெடுநாவன், இனிக்க இனிக்க. “ஒரு ஊர்ல மூணு பொண்ணுங்க. மூத்தவ காட்டுக்குப் போனா, கல்லானா.”

“ம்.” பழக்கத்தில் வந்துவிட்டது. அவள் பாதம் மரத்துப்போனது.

“நடுவுலவ போனா, கல்லானா.”

“ம்.” இடுப்புவரை கல். அப்போதுதான் அந்த ஒட்டிய உதடுகள் அவளுக்குப் புரிந்தன: எல்லோரும் ‘ம்’ கொட்டியே கல்லானவர்கள்.

“மூணாமவ போனா...”

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். மூன்றாமவள் ஜெயிப்பாள் என்ற நம்பிக்கையில், முடிவைக் கேட்குமுன்னே ‘ம்’ கொட்டிவிட்டார்கள். பொன்னரிசி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அவ பேரு என்ன?” என்று கேட்டாள்.

நெடுநாவன் விழித்தான். “பேரா? மூணாமவ, அவ்வளவுதான்.”

“பேரு இல்லாம என்ன கதை? நான் சொல்றேன், கேளுங்க.” ‘ம்’ கொட்டித்தானே கல்லாகிறோம், அவனையும் கொட்டவைத்துப் பார்க்கலாம் என்று துணிந்தாள். “ஒரு மந்திரவாதி ஒருத்தியக் கல்லாக்கினான்.”

“ம்” என்றான். அவனும் அந்த நாட்டில் பிறந்தவன்தானே.

“அவ தங்கச்சியையும் கல்லாக்கினான்.”

“ம்.”

“மூணாவதா பொன்னரிசி வந்தா...”

“ம்” என்று, அவளும் கல்லாகப்போகிறாள் என்ற ஆசையில் முந்திக்கொண்டான்.

“வந்து, கல்லானவங்களையெல்லாம் மீட்டா. மந்திரவாதி கல்லானான்.”

அப்படியே பலித்தது. பொன்னரிசியின் இடுப்புவரை ஏறியிருந்த கல்லும் கரைந்தது. அக்காமார் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். மீண்டவர்கள் எல்லோரும் கூட்டமாக ஊர் திரும்பினார்கள்.

“நாங்கதான் சொன்னோமே, மூணாமவ ஜெயிப்பான்னு” என்றது ஊர்.

“என்கூட வந்தவங்களைப் பாருங்க” என்றாள் பொன்னரிசி. “பாதிப் பேரு மூணாவதா போனவங்கதான்.”

ஊர்க் கூட்டத்தில் ஒரு தாய், மீண்டு வந்த தன் கடைசி மகனைக் கட்டிக்கொண்டு கதறினாள். பயந்து அழுதவனை, “நீ ஜெயிப்பேடா” என்று காட்டுக்கு அனுப்பியவள் அவள்தான்.