கொன்றை ஏன் வாய் திறக்கவில்லை?

பல் டாக்டர் மங்கையர்க்கரசியின் கிளினிக்கில் இருந்த மீன்தொட்டியில் முதலில் குடியேறியவன் நீலன்தான். அந்தப் பெருமையில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் ஆப்பிரிக்க ஏரிகளில் வாழும் சிக்லிட் இனத்து மீன். அந்த இனத்துக்குச் செடி கொடி வேண்டாம், பாறை வேண்டும். டாக்டரம்மா அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தொட்டியின் அடியில் முதலில் கற்களை அடுக்கினார். பிறகுதான் மணலைக் கொட்டினார், மீன்கள் தோண்டினாலும் கல் சரியக் கூடாதே! தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து ஏறக் கிளிஞ்சல் தூளையும் சேர்த்து, மூன்று வாரம் வெறும் தண்ணீரை ஓடவிட்ட பிறகு நீலனை விட்டார்.

நீலன் ஒரு சுற்றுச் சுற்றினான். இருப்பதிலேயே ஆழமான குகையைப் பிடித்துக்கொண்டான். வாசல் குறுகல், உள்ளே நல்ல விசாலம். அதில் பத்துப் பேர் தங்கலாம். அவன் ஒருவனே தங்கினான்.

பத்து நாளில் பதினான்கு மீன்கள் மொத்தமாக வந்து இறங்கின. "கொஞ்சமா விட்டா ஒண்ணையே போட்டுத் துரத்தும் டாக்டர். கூட்டமா விட்டா யாரைத் துரத்துறதுன்னே தெரியாம போயிடும்" என்று மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அந்தப் பதினான்கில் கொன்றையும் ஒருத்தி. மஞ்சள் நிறத்தாள். கடையில் நீலனோடு ஒரே தொட்டியில் வளர்ந்தவள். அவளைக் கண்டதும் நீலனுக்குச் சந்தோஷம். சில வாரங்களில் அவன் வாசல் கல்லின்மேல் இருவரும் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். கொன்றை முட்டையிட்டாள். அந்த நேரம் பார்த்து எவனோ எட்டிப் பார்க்க, நீலன் அவனை விரட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தால் கல்லின்மேல் ஒரு முட்டைகூட இல்லை. கொன்றையும் இல்லை.

யாரோ தின்றுவிட்டார்கள் என்று அவனே முடிவு கட்டினான். அந்தக் கோபத்தில் இரண்டு பேருடைய துடுப்பைக் கிழித்தான். கொன்றையிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று முதல் புதுச் சட்டம் போட்டான். அவன் வாசல் பக்கம் யார் வந்தாலும் பெயரைச் சொல்ல வேண்டும், வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். இது அவன் டாக்டரம்மாவைப் பார்த்துக் கற்றது. கண்ணாடிக்கு அப்பால், பெரிய நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் "வாயைத் திறங்க" என்பார். எத்தனை பெரிய மனிதரும் மறுபேச்சில்லாமல் திறப்பார். அதிகாரம் என்றால் அதுதான் என்று நீலன் நினைத்துக்கொண்டான்.

பதினெட்டாம் நாள் கொன்றை அவன் வாசலுக்கு வந்தாள். உடம்பு இளைத்துப் போயிருந்தது. கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

"வா கொன்றை. இத்தனை நாள் எங்க போயிருந்தே?"

கொன்றை பேசவில்லை.

"உன்னைத்தான் கேக்கறேன். என்ன வேணும்?"

அவள் குகைக்குள்ளே பார்த்தாள். மறுபடியும் அவனைப் பார்த்தாள்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்றுகொண்டிருந்த சக்கர் மீன் திரும்பியது. "உள்ள விடேன்ப்பா. பதினெட்டு நாளா அவ ஒரு வாய் தீனி தொடலை. என்ன கஷ்டமோ."

"உன்கிட்ட கேட்டேனா? நீ கண்ணாடியைத் துடை" என்றான் நீலன். கொன்றையிடம் திரும்பி, "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றான்.

சுற்றியிருந்த மீன்கள் சிரித்தன. அதோடு விட்டிருக்கலாம். சிரிப்பைக் கேட்டதும் அவனுக்கு இன்னும் ஏறிவிட்டது. கொன்றை ஓரமாக நுழையப் பார்த்தாள். அவன் அவளுடைய விலாவில் ஒரு முட்டு முட்டினான்.

"நம்ம கூட வளர்ந்தவளாச்சேன்னு பாக்கறேன். இத்தனை திமிரா? வாயைத் திற!"

இரண்டாவது முட்டு. மூன்றாவது முட்டில் வாய் திறந்துகொண்டது.

உள்ளேயிருந்து குஞ்சுகள் கொட்டின. நொய்யரிசி அளவில் இருபதுக்கு மேல் இருக்கும். அன்றைக்குக் கல்லின்மேல் இட்ட முட்டைகளை அள்ளி, தன் வாய்க்குள்ளேயே பொரித்து, பட்டினி கிடந்து அவள் காத்த குஞ்சுகள் அவை. ஆழமான குகையில் இறக்கிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். ஒரு குஞ்சின் முதுகில் நீலனுடைய நீலம் அப்படியே இருந்தது.

சிரித்த மீன்களெல்லாம் பாய்ந்தன.

"விடுங்க! அது என் பிள்ளைங்க!" என்று நீலன் குதித்தான். இந்தப் பக்கம் ஒருவனை விரட்டினால் அந்தப் பக்கம் ஒருவன் விழுங்கினான். யாரைத் துரத்துவது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஒரு குஞ்சாவது திரும்பி வந்து ஏறிக்கொள்ளாதா என்று கொன்றை திறந்த வாயை மூடாமல் நின்றாள். ஒன்றும் வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கொன்றை" என்றான் நீலன்.

"எப்படி?" என்று கேட்டாள் அவள். அதற்குப் பிறகு அவனிடம் அவள் பேசவே இல்லை.

நீலன் சட்டத்தை எடுத்துவிட்டான். குகையையும் விட்டுவிட்டு வெளியே மணலில் கிடந்தான். இரண்டு மாதம் கழித்துக் கொன்றையின் கன்னம் மறுபடி உப்பியது. இந்த முறை முட்டைகள் வேறொருவனுடையவை. இருந்தாலும் முதலில் கவனித்தவன் நீலன்தான். வாசலை அடைத்தாற்போல் இருக்கக் கூடாது என்று தொட்டியின் மறுகோடிக்கே போய் ஒதுங்கினான்.

கொன்றை குகை வாசல்வரை வந்தாள். கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பி, ஓயாமல் குமிழி இரையும் வடிகட்டிக் குழாயின் பின்னால், உடம்பு நுழையாத ஒரு சந்தில் திணறித் திணறிப் புகுந்துகொண்டாள். பத்துப் பேர் தங்கக்கூடிய குகை காலியாகவே கிடந்தது.

பதில் சொல்லாதவரையெல்லாம் திமிர் பிடித்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. வாய் திறக்க முடியாத அளவுக்கு அவர் எதைச் சுமக்கிறாரோ, யார் கண்டது?