அரசன் பாட்டும் அரசி மறுப்பும்

கேளுங்கள். காவிரிக்கு வடக்கே காடு பாதியும் ஊர் பாதியுமாக இருந்த காலத்தில், மருதங்குடி நாட்டை வெண்கோடன் என்றோர் அரசன் ஆண்டான். நல்லவன். வரி குறைவு, ஏரியில் தண்ணீர் நிறைவு. ஒரே தொல்லை, அவன் பாடுவான்.

காலையில் பாடுவான். உச்சிப் பொழுதில் பாடுவான். விளக்கு வைத்ததும் பாடுவான். முதல் அமைச்சர் "ஆகா" என்பார். இரண்டாம் அமைச்சர் "ஆகாகா" என்பார். மூன்றாம் அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர் ஏன் அழுகிறார் என்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் சபையில் அரசன் பெருமையாகச் சொன்னான்: "இந்த நாட்டில் எல்லாருக்கும் என் பாட்டுப் பிடிக்கும்."

அருகில் இருந்த அரசி அல்லியங்கோதைக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. "அது உண்மையில்லை" என்றாள்.

அரசனின் முகம் கறுத்தது. அப்படியானால் ஒருவருக்குமே பிடிக்கவில்லையா? புகழ்ந்தவர்கள் அத்தனை பேரும் பொய்யர்களா? அமைச்சர்கள் மூவரையும் சிறையில் அடைக்கச் சொன்னான். அடுத்துத் தளபதியை, பிறகு கோயில் மேளக்காரர்களை, பிறகு கடைவீதி முழுவதையும். சிறைக்காவலனும் ஒருமுறை தலையாட்டி ரசித்தது நினைவுக்கு வந்தது. அவனையும் உள்ளே போகச் சொன்னான். பாவம், அவன் உள்ளே போய்க் கதவைத் தானே பூட்டிக்கொண்டான்.

அதன்பின் அரசன் உண்ணவில்லை, உறங்கவில்லை, பாடவும் இல்லை. பார்க்கப் பொறுக்காமல் அரசி அவனிடம் வந்தாள்.

"யாருக்குமே பிடிக்காது என்று நான் சொன்னேனா?"

"எல்லாருக்கும் பிடிக்கும் என்றேன். உண்மையில்லை என்றாயே."

"அது பொய்யாவதற்கு ஒருவருக்குப் பிடிக்காமல் இருந்தால் போதுமே. மற்றவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை."

"யார் அந்த ஒருவர்?"

"நான்தான்."

அரசன் தன் அவசரத்தை நினைத்துத் தலையைச் சொறிந்தான். பிறகு வெட்கத்தோடு சிரித்தான். சிறையைத் திறக்க ஆளனுப்பினான். இனி அரசி தாய்வீடு போயிருக்கும் நாட்களில் மட்டுமே பாடுவது என்றும் முடிவு செய்தான்.

அன்று மாலையே அமைச்சர்கள் மூவரும் அரசியிடம் ஓடினார்கள். தாய்வீட்டு வழியில் ஆற்றில் வெள்ளம் என்றார் ஒருவர். காட்டில் புலி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நேரே காலில் விழுந்தார்.

ஆகவே, "எல்லாரும்" என்பதை மறுப்பவர் "ஒருவருமில்லை" என்று சொல்வதாக எண்ணி அவசரப்படாதீர்கள், ஒரே ஒருவர் மாறுபட்டாலும் "எல்லாரும்" என்பது பொய்யாகிவிடும்.