பேச்சியம்மன் மரத்தில் ஒரு படுக்கை

“தொங்குபடுக்கையா, கூடாரமா?” என்று கேட்டார் தணிகாசலம்.

மீனலோசனி செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, மலைத்தொடரின் முதுகு வழியாகவே தென்கோடி வரை நடந்து போவது அவருடைய வழக்கம். உடன் ஒருவரை மட்டும் சேர்த்துக்கொள்வார். இவ்வாண்டு தணிகாசலம். குருவான மீனலோசனிக்கு நாற்பது வயது. சீடர் அறுபதைத் தாண்டியவர். பாலங்கள் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குருவை ‘அம்மா’ என்று அழைத்தார். குரு அவரை ‘ஐயா’ என்று அழைத்தார்.

“இரண்டையும் வாங்கிவிட்டேன், அம்மா. தேடித்தேடிப் படித்தும் பார்த்தேன். முடிவுக்கு வர முடியவில்லை.”

“என்ன படித்தீர்கள்?”

“தொங்குபடுக்கை எடை குறைவு. சமதளம் தேட வேண்டியதில்லை. அட்டை ஏறாது. மழைநீர் அடியில் ஓடிவிடும். ஆனால் முதுகு குளிரும். மரம் இல்லாத இடத்தில் அது வெறும் துணி.”

“கூடாரம்?”

“அதற்கு மரம் வேண்டாம். காற்றைத் தடுக்கும். ஆனால் கனம். தரை சரியாக அமையாவிட்டால் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.”

“எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.”

“தாங்கள் எதைச் சுமக்கிறீர்கள்?”

“கம்பளி.”

“மழை வந்தால்?”

“பாறை இருக்கும்.”

“இல்லாவிட்டால்?”

“நனைவேன்.”

தணிகாசலம் சிரித்தார். குரு சிரிக்கவில்லை.

“அப்படியானால் நான் எதை எடுத்துக்கொள்வது?”

“இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. முதுகு உங்களுடையது.”

*

முதலில் அவர் கூடாரத்தை அடித்தார்.

காலையில் அதைப் பிரித்தபோது, அது இருந்த இடத்தில் புல் மஞ்சளாகப் படிந்து கிடந்தது. கூடாரத்தின் முளை ஒன்று எறும்புப் புற்றின் நடுவே இறங்கியிருந்தது. எறும்புகள் முட்டைகளைச் சுமந்துகொண்டு வேறிடம் போய்க்கொண்டிருந்தன.

குரு அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

தணிகாசலத்தின் முகம் சிவந்தது.

“இனி இது வேண்டாம், அம்மா. கூடாரம் அடிப்பது ஒருவகை ஆக்கிரமிப்பு.”

“அப்படியா?”

“தொங்குபடுக்கை மண்ணைத் தொடுவதே இல்லை.”

அதன் பிறகு மரங்களுக்கிடையே தொங்கினார். மரப்பட்டை உரியாதபடி அகலமான நாடாக்களைக் கொண்டு கட்டினார். விடிந்ததும் அவிழ்ப்பார். அவிழ்த்த இடத்தைக் குருவுக்குக் காட்டுவார்.

“நான் இங்கே இருந்ததற்கு ஓர் அடையாளம் உண்டா, பாருங்கள்.”

“இல்லை.”

மறுநாளும் காட்டினார். குரு அன்றும் பார்த்தார்.

“கூடாரத்தை இன்னும் சுமக்கிறீர்களே, ஐயா?”

“எதற்கும் இருக்கட்டும் என்று.”

*

ஒரு பிற்பகலில் மரங்கள் முடிந்துபோயின. முகடு முழுவதும் புல்வெளி. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

புல்வெளியின் நடுவே ஒரு பேச்சியம்மன் கோவில் இருந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை. மஞ்சள் பூசிய ஒரு கல்லும் அதன் பக்கத்தில் இரண்டு நாவல் மரங்களும்தான் கோவில். சற்றுத் தள்ளி ஒரு பாறை முன்புறம் கவிந்திருந்தது.

குரு பாறையடியில் போய் உட்கார்ந்தார்.

தணிகாசலம் மரங்களிடம் போனார்.

ஒரு மரம் வெறுமையாக இருந்தது. மற்றொன்றில் சின்னஞ்சிறு தொட்டில்கள் தொங்கின. குழந்தை வேண்டி வந்தவர்கள் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, உள்ளே ஒரு கூழாங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டியிருந்தார்கள். அவை என்னவென்று அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள அவருக்கு வழியில்லை.

படுக்கையின் ஒரு முனையை வெறும் மரத்தில் கட்டினார். தொட்டில் மரத்தின் அடிமரம் பருத்திருந்தது. நாடா அதைச் சுற்றி எட்டவில்லை. அவருடைய எடையைத் தாங்கக்கூடியது தாழ்ந்த கிளை ஒன்றுதான்.

கிளையில் இருந்த தொட்டில்களை ஒரு பக்கமாக நகர்த்தினார். ஒன்று மட்டும் நகரவில்லை. நாடா அமர வேண்டிய கவட்டில் அதன் முடிச்சு இறுகிப்போயிருந்தது.

நகத்தால் நெம்பிப் பார்த்தார். முதல் துளி பிடரியில் விழுந்தது.

கத்தியை எடுத்து அறுத்தார்.

தொட்டிலைக் கல்லோடு சேர்த்து மரத்தின் வேரருகே வைத்தார். மரியாதையாகவே வைத்தார். ஓர் இரவுதானே, விடிந்ததும் முன்போலவே கட்டிவிடலாம் என்று எண்ணிக்கொண்டார். கூடாரம் பையில் இருந்தது. அதை அவர் எண்ணவில்லை.

மழை கொட்டியது. தண்ணீர் அடியில் ஓடியது. அவர் மேல் ஒரு துளி படவில்லை.

நன்றாகத் தூங்கினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

*

விடிந்ததும் வேரருகே பார்த்தார். தொட்டில் இல்லை.

படுக்கையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார். தண்ணீர் ஓடிய தடத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். வெகுதூரம் தள்ளி, ஒரு முட்செடியில் துணி மட்டும் மாட்டியிருந்தது. ஓரம் கிழிந்து, சேறு படிந்திருந்தது. கல்லைக் காணவில்லை.

துணியுடன் ஏறி வந்தபோது மரத்தடியில் பேச்சுக்குரல் கேட்டது. துணியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கீழே தேயிலைத் தோட்டத்திலிருந்து கணவனும் மனைவியுமாக இருவர் வந்திருந்தார்கள். அவன் கையில் பூக்கூடை. அவள் இடுப்பில் கை ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள். நிறைமாதத்தை நெருங்கிய வயிறு.

“மெதுவா, இந்திராணி. உக்காந்து பாரு. எங்க போயிரப் போகுது?”

“இந்தக் கவட்டுலதான் கட்டுனேன். எனக்குத் தெரியாதா?”

“மரம் பூரா தொட்டில். ஒண்ணுபோல இருக்கு.”

“ஏன், நம்ம பிள்ளையும் ஒண்ணுபோலத்தான் இருக்குமா? ஊதாக் கரை வச்ச துணி. என் கல்யாணச் சேலை.”

தணிகாசலத்தின் கை சட்டைப் பையின் மேல் போயிற்று.

“இதெல்லாம் ஏன் ஒரு பக்கமா ஒதுங்கிக் கிடக்கு?” என்றாள் அவள்.

“காத்துதான். ராத்திரி என்ன மழை பேஞ்சுது! காத்துல விழுந்திருக்கும். வேற கட்டிக்கலாம், வா.”

அவள் தணிகாசலத்தைப் பார்த்தாள்.

“சாமி, ராத்திரி நீங்க இங்கதான் இருந்தீங்களா?”

“ஆம்.”

“காத்து பலமா அடிச்சுச்சா?”

அவர் கூடையில் இருந்த பூவைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். பாறையடியில் குரு கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார்.

“காற்று... இருந்தது” என்றார்.

“பாத்தியா? நான்தான் சொன்னேனே” என்றான் கணவன்.

அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

“மத்த எதுவும் விழல, மூக்கையா.”

“அதுக்கு?”

“என்னோடது மட்டும் விழுந்துருக்கு.”

“அட, ஒரு துணிக்குப் போயி...”

“ரெண்டு நாளா அசைவு கொறஞ்சிருக்கு. உன்கிட்ட சொல்லல. அதான் இன்னைக்கே ஏறணும்னு அடம் பிடிச்சேன்.” அவள் குரல் இறங்கிவிட்டது. “குடுத்தவளே வேணாம்னு கழட்டிப் போட்டுட்டா.”

மூக்கையாவின் கையிலிருந்த கூடை சாய்ந்தது. பூ கொட்டியது. அவன் அதை அள்ளவில்லை.

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்தார்.

“அம்மன் போடவில்லை. காற்றும் இல்லை. நான் அறுத்தேன்.”

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

“என் படுக்கையைக் கட்டுவதற்கு அந்த இடம் வேண்டியிருந்தது. முடிச்சு நகரவில்லை. கத்தியால் அறுத்தேன். காலையில் கட்டிவிடலாமென்று கீழே வைத்தேன். மழை கொண்டுபோய்விட்டது.”

“கத்தியாலயா?” என்றாள் இந்திராணி.

“ஆம்.”

“நீதான் அறுத்தியா? தானா விழலயே?”

“விழவில்லை. இறுக்கமாகத்தான் இருந்தது.”

“சத்தியமா?”

“சத்தியமாக.”

அவள் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு கையை ஊன்றி எழுந்தாள்.

“பாவி மனுசா! என்னைக் கொல்லப் பாத்தியே! தொங்குறதுக்கு உனக்கு வேற மரமே கிடைக்கலயா?”

“விடு, இந்திராணி. பெரியவரு...”

“என்ன பெரியவரு? தலை நரைச்சுப்போச்சு, இன்னும் தூளி கேக்குதா? காத்து இருந்துச்சாம் காத்து! வாயில வந்துச்சு பாரு!”

தணிகாசலம் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார். அறுபது ஆண்டுகளில் யாரும் அவரை அப்படித் திட்டியதில்லை.

“கல்லு எங்க?”

“அகப்படவில்லை.”

“போ. வேற எடுத்துட்டு வா.”

அவர் சரிவில் இருந்த ஓடையருகே போய் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து வந்தார்.

“இம்புட்டுப் பெருசா? நான் பெத்துப் பிழைக்க வேணாமா?”

மூக்கையா வாயைப் பொத்திக்கொண்டான். தணிகாசலம் மறுபடியும் போய்ச் சின்னதாக ஒன்று கொண்டுவந்தார். அதற்குள் அவள் துணியைக் கழுவிப் பிழிந்திருந்தாள்.

“கட்டு.”

“நானா?”

“அறுத்தது நீதானே?”

அவர் கட்டினார். முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினார். அவள் அருகிலேயே நின்று பார்த்தாள். கடைசியில் முடிச்சு நின்றபோது, அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கும்பிட்டாள்.

“கீழ போனதும் நர்ஸம்மாகிட்ட காட்டணும்” என்றான் மூக்கையா. “அசைவு கொறஞ்சத மறைச்சே பாரு, அதுக்கு இருக்கு உனக்கு.”

புறப்படும்போது இந்திராணி கூடைக்குள் கைவிட்டு ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள்.

“தின்னு. மூஞ்சியப் பாக்கச் சகிக்கல.”

அவர் வாங்கிக்கொண்டார். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

*

பழம் அவர் கையிலேயே இருந்தது. குரு பாறையடியிலிருந்து எழுந்து வந்தார்.

“அம்மா, நேற்று நான் அதை அறுத்தபோது தாங்கள் பார்த்தீர்களா?”

“பார்த்தேன்.”

“என்னைத் தடுக்கவில்லையே?”

குரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீடர் காத்திருந்தார். ஒரு போதனை வரும் என்று காத்திருந்தார்.

“தடுக்க எழுந்தேன்” என்றார் மீனலோசனி. “மழை பிடித்துக்கொண்டது. நான் இருந்த இடம் நனையவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.”

தணிகாசலத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“காலையில் அவள் தரையில் உட்கார்ந்தாளே, அப்போதும் எனக்குத் தெரியும், ஐயா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அத்தனை நேரம் பயந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பெயர் பொறுமை என்று நினைத்துக்கொண்டேன்.”

கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடக்கத் தொடங்கினார்.

“அம்மா, நம் வழி மேலே அல்லவா போகிறது?”

“போகட்டும்” என்றார் குரு, கீழே இறங்கியபடி. “நானும் அவளிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவளால் வேகமாக நடக்க முடியாது. ஓடையைத் தாண்டுமுன் பிடித்துவிடலாம்.”