கைராசி டாக்டரின் வாழ்த்து

தென்காசிப் பக்கம் தாடைக்கட்டி என்றாலே திலகவதி டாக்டரைத்தான் சொல்வார்கள். கைராசிக்காரர் என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பஸ் கண்டக்டர் பூதத்தானின் கீழ்த்தாடையில் இருந்த கட்டியை அவள்தான் எடுத்தாள். ஐந்து வருஷம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பியும் வைத்தாள். இப்போது அதே இடத்தில் மறுபடியும் கட்டி, முன்னைவிடப் பெரிதாக. பாதித் தாடையை எடுத்தாக வேண்டும். இனி அவர் விசில் ஊதுவது சந்தேகம்தான்.

எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு தன் ஆசிரியர் ஆவுடையப்பனிடம் போனாள். ஓய்வு பெற்றும் வியாழக்கிழமை தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து நோயாளி பார்ப்பவர் அவர்.

"எங்க சார் தப்பு விட்டேன்?"

அவர் எக்ஸ்ரேயைக் கையில் வாங்கவே இல்லை. வெளியே பெஞ்சில் இருந்த பூதத்தானைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வீக்கம் எப்போது தெரிந்தது என்று கேட்டார். மூன்று வருஷமாகிறது என்றார் பூதத்தான். ஷேவ் பண்ணும்போது கையில் தட்டுப்பட்டதாம், சுண்டைக்காய் அளவு.

"அப்பவே ஏன் வரல?"

பூதத்தான் திலகவதியைப் பார்த்துத் தயங்கினார். ஆஸ்பத்திரியில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. கடைசியாக வந்த அன்று அவரும் கிளம்புகிறேன் என்றுதான் சொன்னாராம்.

"அதுக்கு டாக்டரம்மா, இனி நீங்க இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு வாழ்த்தி அனுப்புனாங்க. வந்தா அவங்க வாய்முகூர்த்தம் பொய்யாயிருமேன்னு இருந்துட்டேன் சார்."

சொல்லிவிட்டு, டாக்டரம்மா மேல் குறை ஒன்றுமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

குணமான எல்லோரிடமும் திலகவதி சொல்வதுதான் அது. எத்தனை பேர் அதைக் கேட்டுக் கண்கலங்கிப் போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"துளிகூட மிச்சம் வைக்காமத்தானே சார் எடுத்தேன். இத்தனை வருஷம் கழிச்சும் வருமா?"

"வரும். நான் எடுத்ததே இருபது வருஷம் கழிச்சு வந்திருக்கு."

"அப்ப என் தப்புதான் என்ன?"

ஆவுடையப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வரக்கூடாதுன்னு சொன்ன. கட்டி உன் பேச்சைக் கேட்கல. அவர் கேட்டாரு."