தோல் பார்த்துப் பிரிந்த தவளைகள்

அல்லிக்குளத்துத் தவளைகளுக்குச் சண்டை புதிதல்ல. போன வருஷம் நிழல் பாறைக்காக அடித்துக்கொண்டன. ஒரு கட்சி தோற்கிற மாதிரி தெரிந்ததும் அதில் பாதி எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டன. சாயங்காலத்துக்குள் சண்டை தீர்ந்து, எல்லாம் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டன.

இந்த வருஷம் யாரோ ஒரு மேதாவி, "பச்சை எல்லாம் மேற்கே! பழுப்பு எல்லாம் கிழக்கே!" என்றது. வந்தது வினை. கட்சி மாறலாமென்றால் தோல் காட்டிக்கொடுத்தது. சமாதானம் பேசலாமென்றால், "நாம முதல்ல காவலை எடுத்தா நம்மைத் தொலைச்சிருவாங்க!" என்று இரண்டு கரையும் பயந்தன. மழையில் தொடங்கி, கோடை வந்தும் எதிர்க்கட்சி மேல் கல் உருட்டுவது ஓயவில்லை. தண்ணீர்ப்பாம்பு மட்டும் நிறம் பார்க்காமல் தின்று கொழுத்தது.

பழுப்புத் தவளை சொக்கிக்கு அரசியல் தெரியாது. கோடை மழை இரவில், நிறம் தெரியாத இருட்டில் தான் முட்டையிட்ட குட்டை மேற்குக் கரையில் காய்ந்துகொண்டிருக்கிறது, அது தெரியும். நேரே போனாள்.

"நில்லு! பழுப்பு!" என்று கத்தினான் காவல் நின்ற பச்சைத் தவளை தத்தன். போன வருஷம் பாறையில் பக்கத்தில் உட்கார்ந்தவன்தான்.

"தெரியும்டா, தினம் தண்ணியில பார்க்கிறேனே! வழி விடு. என் பிள்ளைங்க வெந்து சாகுது."

தத்தன் குட்டையை எட்டிப் பார்த்தான். குரல் இறங்கியது. "எங்க பிள்ளைகளும் இதுலதான் இருக்கு, மதினி. உங்களுது எதுவோ அதை மட்டும் எடுத்துக்குங்க."

சொக்கி குனிந்து பார்த்தாள். அத்தனையும் கறுப்பு. அத்தனைக்கும் வால்.

"எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுதா?"

தத்தன் குட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினான்.

"தேடினது போதும்! மண்ணைத் தள்ளு! குளத்துக்கு வாய்க்கால் வெட்டு!"

இரண்டு பேர் கால் போதவில்லை. அவன் பச்சைகளைக் கூப்பிட்டான்; அவள் பழுப்புகளை அதட்டி இழுத்து வந்தாள். காவலை முதலில் எடுத்தது யார் என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. மாலையில் தலைப்பிரட்டைகள் குளத்துக்குள் வழிந்தோடின.

"அப்போ சண்டை, மதினி?"

"இப்போ ஒரு கல்லை உருட்டிப் பாரேன்! யார் பிள்ளை தலையில விழுமோ!"

யாரும் உருட்டவில்லை. வால் உதிர்ந்து நிறம் வருவதற்குள், உருட்டாமலிருப்பது பழகியும் போயிற்று.

கருத்தால் பிரிந்தவர் ஒரு நாளில் கூடிவிடுவார். பிறப்பால் பிரிந்தவர் சண்டையோ, எதிர்க்கரைப் பிள்ளையையும் தன் பிள்ளையாக நினைக்கும்வரை ஓயாது.