ஈயத்தின் பேச்சைக் கேளாத யுரேனியம்

உலோகங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு நட்சத்திரம் வெடித்த உலையில் அவை ஆளுக்கொரு வீடு கட்டின. வீட்டுக்குள் இரண்டு வகை ஆட்கள். புரோட்டான்கள் ஒன்றையொன்று கண்டாலே தள்ளிவிடும். நியூட்ரான்கள் யார் வம்புக்கும் போகாமல், இடையில் நின்று எல்லாரையும் கைகோத்துப் பிடித்து வைக்கும்.

தங்கம் எழுபத்தொன்பது புரோட்டான்களே போதும் என்றது. ஈயம் எண்பத்திரண்டில் கதவைச் சாத்தியது. யுரேனியத்துக்கு மட்டும் ஆசை அடங்கவில்லை. எல்லாரையும்விடக் கனத்த வீடு தன்னுடையதாக இருக்க வேண்டுமென்று, வந்தவரையெல்லாம் உள்ளே அழைத்தது. பாவம், வந்தவரை வா என்பது நல்ல குணம்தான், அளவுதான் தெரியவில்லை.

"தம்பி, அகலக்கால் வைக்காதே," என்றது ஈயம். "பிடிக்கிற கை பக்கத்து ஆள் வரைக்கும்தான் எட்டும். தள்ளுற சண்டை வீடு முழுக்க எட்டும்."

"நூத்து நாப்பத்தாறு நியூட்ரான் வச்சிருக்கேன். பாத்துக்கலாம் அண்ணே," என்று சிரித்தபடி, யுரேனியம் தொண்ணூற்றிரண்டாவது புரோட்டானையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

உலை ஆறியது. பூமி உருண்டு திரண்டது. உலோகங்கள் பாறைக்குள் படுத்தன. வெகுகாலம் கழித்து ஒரு நாள், இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் இறுகக் கைகோத்து வாசலுக்கு வந்தன.

"எங்கே கிளம்பிட்டீங்க?" யுரேனியம் பதறியது.

"நாங்க நாலு பேரும் ஒருத்தரையொருத்தர் நல்லாப் பிடிச்சிருக்கோம். இந்த வீட்டுலதான் யார் கையும் எட்டல."

"ஆசையாத்தானே கூப்பிட்டேன்!"

"கூப்பிட்டீங்க. பிடிச்சு வைக்க முடியுமான்னு பாக்கலையே."

அவை பாய்ந்து போன வேகத்தில் பாறை சுட்டது. பிறகு இன்னொரு நால்வர். யார், எப்போது கிளம்புவார்கள் என்று சொல்லவே முடியாது. யுரேனியம் வாசலையே பார்த்துக் கிடந்தது. மிச்சமிருந்த நியூட்ரான்களிலும் ஆறு புரோட்டான்களாக மாறிச் சண்டையில் சேர்ந்துகொண்டன. எட்டாவது நால்வரும் போன பிறகு வீடு அமைதியானது. எண்ணிப் பார்த்தால் எண்பத்திரண்டு புரோட்டான்கள்.

"வா தம்பி," என்றது ஈயம்.

"அன்னைக்கே கேட்டிருக்கலாம் அண்ணே. முப்பத்திரண்டு பேரைக் கூப்பிட்டு வச்சுத் தொலைச்சேன்," என்று அது அழுதது.

அன்று முதல்தான் மிச்சமிருக்கும் யுரேனியமும் தன் ஆட்களை நான்கு நான்கு பேராக வழியனுப்பிக்கொண்டே இருக்கிறது. பழைய யுரேனியப் பாறையை எங்கே உடைத்தாலும், முன்பு யுரேனியமாக இருந்த கொஞ்சம் ஈயம் உள்ளே கிடக்கிறது.